கூடப் போன படகுகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து அந்த ஒற்றைத் தாள் வரும்போது மை முழுதாகக் காய்ந்திருக்காது, விரலில் ஒட்டும். தலைப்பில் ஒரு படகுப் படம். பாய் ஒரு பக்கம் காற்று வாங்கிப் புடைத்து நிற்கும். அதற்கு மேலே கொடி எதிர்ப்பக்கமாகப் பறக்கும். என் அண்ணன் சரக்குத் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்கிறவன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு போய்வந்தவன். அந்தப் படத்தை அவனால் தாங்கிக்கொள்ள முடியாது. “பாய்க்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தா? இதுல சாமிமாருதான் போவ முடியும்” என்பான். குசினியிலிருந்து மைனி, அண்ணனின் மனைவி, வந்து தாளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். “படத்தப் பாத்தது போதும். கீழ எழுதியிருக்கத என்னைக்காவது வாசிச்சிருக்கீயளா?” அண்ணன் வாசித்ததில்லை. மைனி வாசிப்பார், தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய, ஒரு சொல்லையும் விடாமல்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வரும் நற்செய்திப் பகுதிக்கு எங்கள் பங்குச் சாமி, அதாவது பங்குக் குரு, எளிய தமிழில் எழுதும் விளக்கம் அது. எங்கள் கரை கத்தோலிக்கக் கரையாகிப் பல தலைமுறை ஆகியும், வேதப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது என் காலத்தில்தான். ஜெபமாலை தூக்கத்திலும் வரும். மாதா பாட்டு அத்தனையும் மனப்பாடம். வேதம் சாமியார் கையில் இருக்கிறது, அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தோம். துறைமுக அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் சாத்தான்குளத்துப் பக்கம் பிராட்டஸ்டண்டுக் குடும்பம். அதிகாரம், வசனம் எல்லாம் எண்ணோடு சொல்வார். “ஏலே, ஒங்க வீட்டுல மாதா படம் நாலு இருக்கும், பைபிள் ஒண்ணு இருக்காதே” என்று சீண்டுவார். நான் அலுவலகச் சுற்றறிக்கைகளை எண்ணோடும் தேதியோடும் ஒப்பித்துப் பழிதீர்த்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த வேதம் அப்போது அதுதான்.

அதனால் அன்பியம் என்ற ஏற்பாடு வந்தபோது, அதாவது ஒரு தெருவின் வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்பது என்று வந்தபோது, எங்கள் தெருவுக்கு என்னைச் செயலராகப் போட்டார்கள். பக்திக்காக அல்ல, கூட்டக் குறிப்பு ஒழுங்காக எழுதுவேன் என்பதற்காக. வாசகராக மைனியைப் போட்டார்கள். பாட்டு, வாசகம், விளக்கம், மௌனம், மன்றாட்டு, பிறகு டீயும் காராச்சேவும். வரிசை மாறாது. விளக்கம் என்பது சாமியின் தாளை மைனி உரக்க வாசிப்பது. வலை பின்னுகிறவர்களும் உப்பளத்துக்குப் போகிறவர்களும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். ஒரு யூத வழக்கத்தை, ஒரு ஊர்ப் பெயரை, அந்தக் காலத்து வரி வசூலை சாமி அடுத்த வீட்டுச் சங்கதிபோலச் சொல்லிவிடுவார். அந்த எழுத்துக்கு ஈடாக இன்றுவரை நான் வேறொன்றைக் கண்டதில்லை. குறை ஒன்றுதான். அவர் ஆற்றங்கரை நெல் ஊரிலிருந்து வந்தவர். அவருடைய விளக்கத்தில் படகு என்றால் திருச்சபை, காற்று என்றால் சோதனை, வலை என்றால் நற்செய்தி. மீன் மட்டும் சில வாரங்களில் மீனாகவே இருக்கும்.

அண்ணனின் தோணி மாலத்தீவுக்குக் கிளம்பிய நாளில் வேறு இரண்டு தோணிகளும் கூடக் கிளம்பின. அவை இரண்டும் போய்ச் சேர்ந்தன. நடுக்கடலில் காற்று திரும்பியதாகவும், இருட்டில் அண்ணன் தோணியின் விளக்கைத் தவறவிட்டதாகவும் அந்தத் தண்டல்கள் வந்து சொன்னார்கள். மரத்துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. நடைமுறை தெரிந்தவன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரிந்திருந்தது. காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகார், கடலோரக் காவலுக்குத் தகவல், தேடியும் கிடைக்கவில்லை என்று ஒரு சான்று, அதன்பின் ஏழாண்டு காத்திருப்பு. எந்த மேசையில் எந்தத் தாளை வைப்பது என்பதில் நான் ஒரு பிழையும் செய்யவில்லை. கோயிலில்தான் சிக்கல் வந்தது. எதற்காகப் பூசை என்று எழுதிக்கொடுக்கும் பூசைக் கருத்தில் இரண்டு வகைதான் உண்டு: இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அல்லது இருப்பவரின் நலனுக்காக. எதை எழுத என்று கணக்கர் கேட்டபோது மைனி, “ரெண்டும் இல்லாம ஒண்ணு இருந்தா எழுதுங்க” என்றார். கணக்கர் பேனாவை மூடிவைத்தார். அன்று பூசையில் சாமி அண்ணனின் பெயரை மட்டும் வாசித்தார், எதற்காக என்று சொல்லாமல். நெல் ஊர்க்காரருக்கு அது எப்படித் தோன்றியதோ தெரியாது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வழிபாட்டு நாட்காட்டிக்கு யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் மாற்கு நற்செய்திப் பகுதி, படகில் உறங்கிய இயேசு எழுந்து கடலில் புயலை அடக்கிய நிகழ்ச்சி, அந்த வருஷமே வந்தது. வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். மைனி தாளை வாங்கிக்கொண்டார். படகு திருச்சபை, புயல் வாழ்க்கைத் துன்பம், ஆண்டவர் உறங்குவதுபோலத் தோன்றினாலும் நம்மைக் கைவிடுவதில்லை என்று கடைசி வரி வரைக்கும் குரல் தடுமாறாமல் வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளை மடிக்கவில்லை.

“மத்தப் படகுகளும் அவரு கூடப் போச்சின்னு வேதத்துல ஒரு வரி வருதுல்லா. அதப் பத்தி சாமி ஒண்ணும் எழுதலியே. அதுக என்னாச்சி?”

வரிசைப்படி அடுத்தது மௌனம். பிறகு எதிர்வீட்டு அக்கா, புருஷனையும் இரண்டு மகன்களையும் தினம் கடலுக்கு அனுப்புகிறவர், சொன்னார்: “கடலு ஒண்ணுதானளா. இவருக்கு அடங்கினா அவுகளுக்கும் அடங்கும். ஒரு படகுக்கு மட்டும் தனியாவா அடங்கும்?”

“அடங்கினது பொறவு. அடங்குறதுக்கு முந்தி முங்கினது?”

“கரை சேந்துருக்கும்ளா.”

“சேந்துருந்தா எழுதியிருப்பாவ.”

“முங்கியிருந்தாலும் எழுதியிருப்பாவல்லா?”

“ரெண்டையும் எழுதல. அதான் கேக்கேன்.”

“சாமிக்குத் தெரிஞ்சா ஏசுவாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஏசட்டும். பதிலச் சொல்லிட்டு ஏசட்டும்” என்றார் மைனி.

நான் கூட்டக் குறிப்பில், ‘விளக்கத்தைத் தொடர்ந்து பயனுள்ள கலந்துரையாடல் நடைபெற்றது’ என்று எழுதினேன்.

சாமி ஏசவில்லை. மறுவாரம் நேரே வீட்டுக்கு வந்தார். சோறு தின்கிற பலகையில் உட்கார்ந்து, கையில் புத்தகம் எதுவும் இல்லாமல் பேசினார். “தேடிப் பாத்தேம்மா. பெரிய பெரிய விளக்கவுரை எல்லாம் பாத்தேன். சிலது அந்த வரியத் தாண்டிப் போயிடுது. நேர்ல பாத்தவங்க சொன்னதால இந்தச் சின்ன விவரம் தங்கிப்போச்சுன்னு சிலது சொல்லுது. அந்தப் படகுகளுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லல.”

“அப்ப தெரியாதுன்னே எழுதிருங்க, சாமி.”

“விளக்கத்துல அப்படி எழுதுற வழக்கம் இல்லம்மா.”

“பதில் இருந்தா நல்லதுதான். இல்லாதப்ப இல்லன்னு சொல்லணும்லா? நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போனா, அந்தப் படகுல இருந்தவுகள ஒருத்தருமே பாக்கலன்னு ஆயிருது.”

சாமி ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த வெள்ளிக்கிழமைத் தாளின் அடியில், போன வாரத்தின் தொடர்ச்சி என்று குறிப்பிட்டு, இப்படி எழுதியிருந்தார்: அவருடன் போன மற்றப் படகுகளுக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குத் தெரியாது, அவையும் அங்கே இருந்தன என்று மட்டும் நற்செய்தி சொல்கிறது. மைனி அதை வாசித்தபோது எதிர்வீட்டு அக்கா, “சரிதான்” என்றார். அன்று மைனி டீயோடு காராச்சேவும் எடுத்துக்கொண்டார். அண்ணன் போன பிறகு அன்பியத்தில் அவர் எதையும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

சாமியின் தாள்கள் சேர்ந்து மூன்றாண்டு ஆனபோது, அவற்றைப் புத்தகமாக்க வேண்டும் என்று பல பங்குகளிலிருந்தும் கேட்டார்கள். எங்கள் சபையில் வேத விளக்கம் அச்சாக வேண்டுமென்றால் அதற்கென்று அமர்த்தப்பட்ட ஓர் அறிஞர் முதலில் படித்து, தடை இல்லை என்று எழுத வேண்டும். பிறகு மேலிடத்து அனுமதி. துறைமுகத்தில் ஒரு கப்பலைக் கட்டுத் துறைக்குள் விடுவதற்கு ஏறக்குறைய இதே அளவு கையெழுத்துகள் தேவை. அங்கே குறைந்தபட்சம் கப்பல் கண்ணுக்குத் தெரியும். படித்தவர் ஆழ்ந்த புலமையாளர். சிறுசிறு திருத்தங்கள் சொன்னார், எல்லாம் நல்ல திருத்தங்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்திருந்தார். எளிய வாசகருக்கான விளக்கம் ஐயத்தைத் தீர்க்க வேண்டுமே தவிர எழுப்பக் கூடாது என்பது அவர் குறிப்பு.

இன்னொருவர் பார்வைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு இடம் உண்டு என்று நான் சாமியிடம் சொன்னேன். மனு எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொன்னேன். மாதா திருவிழாவுக்குள் புத்தகம் வர வேண்டும் என்ற அவசரத்தில் அவர் இருந்தார். மனு போட்டால் இன்னும் ஒரு வருஷம் போகும். “ஒரு வரிதான தம்பி. அதுக்காக மத்ததெல்லாம் நின்னு போயிடக் கூடாது” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கு இன்றும் ஆறாமலிருப்பது அதுதான். புத்தகம் பெரியதாழை வரைக்கும் கரை நெடுகப் போயிற்று. வேதத்தைத் தொடப் பயந்த வீடுகளில் அதை வைத்துக்கொண்டு வாசிக்கக் கற்றார்கள். அத்தனை நன்மையையும் ஒரு வரிக்காக நிறுத்தியிருக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், அலுவலக முறைப்படி நானும் கூடாது என்றுதான் குறிப்பு எழுதுவேன்.

வெளியீட்டு நாளில் மைனிக்கு மேடையில் வைத்து ஒரு பிரதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். முந்தைய பக்கத்தையும் பார்த்தார்.

“அச்சுல விட்டுப்போச்சோ?”

“இல்ல மைனி. எடுத்துட்டாவ.”

“சாமிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஓ” என்றார். புத்தகத்தை மூடி மாதா படத்துக்குக் கீழே வைத்தார். அன்பியத்தில் தொடர்ந்து வாசித்தார்; அச்சில் உள்ளதை உள்ளபடி, நிறுத்தற்குறி பிசகாமல். முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார். எங்கள் தெரு வாசகரைப் போல வாசிக்க ஆளில்லை என்று மற்றத் தெருக்காரர்கள் புகழ்ந்தார்கள். புயல் அடங்கும் பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து போயிற்று. ஏழாண்டு முடிந்து நீதிமன்ற உத்தரவை நான்தான் வாங்கிவந்து கொடுத்தேன். ‘இறந்ததாகக் கருதப்படுகிறது’ என்றிருந்தது. கருதப்படுகிறது என்ற சொல்லில் மைனி விரலை வைத்து, “இவுகளுக்காவது தெரியலன்னு சொல்ல மனசு வந்திருக்கு” என்றார். விளக்கவுரை பற்றி அவர் சொன்ன கடைசி வார்த்தையாக நான் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மைனி போன வருஷம் தவறினார். அடக்கப் பூசை வைத்தவர் புதிதாக வந்த இளம் சாமி. குடும்ப விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டுதான் பேசினார். கடலில் இறந்த கணவரோடு இந்தத் தாய் இன்று வான்வீட்டில் சேர்ந்துவிட்டார் என்றார். நல்ல மனத்தோடு சொன்னது. இத்தனை வருஷமாக ஒருவரும் சொல்லத் துணியாத பதில், கேட்டவர் பெட்டிக்குள் படுத்ததும் எவ்வளவு எளிதாக வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் பழைய சாமி, நடக்க முடியாதவர், ஓய்வு இல்லத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த மனுவப் போட்டிருக்கலாம் தம்பி” என்றார். வண்டி வந்தது, ஏற்றிவிட்டேன்.

ஓய்வு இல்லத்துக்குத் திரும்பிய கையோடு அவர் புதிய பதிப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வரியைப் பழையபடி சேர்த்து, முறைப்படி மறுபடியும் தடையில்லைச் சான்றுக்கு அனுப்பியிருக்கிறார். இப்போதைய அறிஞர் வேலை மிகுந்தவர். பழைய புத்தகம், ஏற்கெனவே பார்த்ததுதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒருவர் கவனமாகப் படித்ததால் போன வரி, இன்னொருவர் படிக்காததால் திரும்பி வந்தது. அலுவலகத்தில் இருந்த காலத்தில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடந்தன என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை.

இப்போது புத்தகம் போட்டோவாகத் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் இன்று வாசிக்கிறவள் கல்யாணமாகி வந்த பெண். புருஷன் வளைகுடாவில் வேலை. போன மாதம் புயல் பகுதி வந்தது. எதிர்வீட்டு அக்காவுக்குக் காது போய்விட்டது. சுவரோரம் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போனைப் பார்த்துத் தெளிவாகத்தான் வாசித்தாள். மற்றப் படகுகளுக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குத் தெரியாது என்ற இடம் வந்ததும் நின்றாள். திரையை மேலே தள்ளி, கீழே தள்ளிப் பார்த்தாள். மற்றவர்கள் மௌனத்துக்குத் தயாராகக் கண்ணை மூடியிருந்தார்கள்.

“மாமா, தெரியாதுன்னா அத எதுக்கு எழுதணும்?” என்று என்னிடம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

“இந்தத் தெருவுல ஒருத்தவுக கேட்டாவம்மா. ரொம்ப வருஷத்துக்கு முந்தி.”

“அவங்களுக்குப் பதில் கிடைச்சுதா?”

“இப்பத்தான வாசிச்ச” என்றேன்.