சாம்பிள் சித்தி ஒழித்துக் கொடுத்த அறை

தனக்கு வேண்டாததை மட்டுமே வாழ்நாள் முழுக்கக் கொடுத்துவந்த ஒருத்தியைக் கொடுப்பவள் என்று சொல்லலாமா? சாம்பிள் சித்தியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவளுடைய அக்காள் மகளுக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கும். பதிலும் ஒட்டிக்கொண்டே வரும். சொல்லக் கூடாது.

அக்காள் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழக வருகிறவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அடுத்தவர் செய்யப்போகும் தவறை அவர் செய்வதற்கு முன்பே பக்கத்து இருக்கையிலிருந்து கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. சித்தியைப் பார்ப்பதற்கும் அவள் வேறு கண் வைத்துக்கொள்ளவில்லை.

சித்தி ஒரு பெரிய கடையின் தரைத்தளத்தில், கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறும் அந்த அழகுப்பொருள் பகுதியில், நின்றபடியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவர்கள் புறங்கையில் தேய்த்துப் பார்க்கத் திறந்துவைத்த உதட்டுச்சாயங்கள், அட்டை நசுங்கி விலைபோகாத க்ரீம்கள், கம்பெனிக்காரர்கள் இனாமாகத் தரும் சுண்டுவிரல் நீள சென்ட் குப்பிகள் எல்லாம் அவள் கைப்பையில் ஏறி வீட்டுக்கு வந்தன. வீட்டிலிருந்து கிளம்பி உறவினர் தலையில் இறங்கின. சாம்பிள் சித்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

டீச்சர் பள்ளி இறுதித் தேர்வில் தேறியபோது சித்தி தந்த பரிசு, முகச் சுருக்கத்தைப் போக்கும் க்ரீம். "வயசானா உதவும்" என்றாள். ஒன்றுவிட்ட தம்பி பிறந்தபோது தொட்டிலருகே சவரத்துக்குப் பின் பூசும் திரவம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். "வளரமாட்டானா என்ன?" அவன் வளர்ந்து மீசை முளைத்தபோது அந்தத் திரவம் கெட்டியாகிப் பசையாகியிருந்தது. வீடு வீடாகப் போய் இப்படிக் கொடுத்துவிட்டு, வாசற்படியிலேயே நின்று நன்றிக்காகக் காத்திருப்பாள். அது வரும்வரை செருப்பைப் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அம்மா குடியிருந்த வாடகை வீட்டைக் காலிசெய்யும்படி அதன் சொந்தக்காரர் சொன்னபோதுதான் இந்த வேடிக்கை கசந்தது. டீச்சர் இருப்பது பெண்கள் விடுதியில், கட்டிலுக்குக் கட்டில் கை எட்டும் அறையில். அம்மாவுக்குப் போக்கிடம் சித்தியின் வீடு ஒன்றுதான். அங்கே இரண்டு அறைகள். பெரியதில் சித்தியின் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுயர ஜன்னல், சாயங்காலம் ஆனால் காற்று. அந்தக் கட்டிலில் யாரும் உட்காரக்கூட அனுமதி கிடையாது. உட்கார்ந்தால் விரிப்பு கசங்கும். சின்ன அறையில் அட்டைப்பெட்டிகள், கூரைவரை.

"அக்கா வரட்டுமே. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்றாள் சித்தி.

"வந்து எங்க படுக்கிறது? சென்ட் பாட்டில் மேலயா?"

"ஒழிச்சுத் தரேன்டி. ஆனா குப்பையில கொட்ட மாட்டேன். எல்லாம் நல்ல சரக்கு. தகுதியான இடமாப் பார்த்துக் குடுக்கணும்."

தகுதியான இடம் கிடைக்காதவரை அறை காலியாகாது. டீச்சருக்கு இந்தச் சூட்சுமம் உடனே புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. அறையைப் பார்க்க வந்த அம்மா வாசலிலேயே தும்மத் தொடங்கி, உள்ளே போகுமுன் மூன்று கைக்குட்டைகளை நனைத்துவிட்டாள்.

"ஏன்டி, இதுல ஒரு ஜன்னல்கூடக் கிடையாதா?"

"மேல பாருக்கா, காத்து வர ஓட்டை இருக்கு. உனக்கு வாசனையைத் தாங்கற மூக்கே இல்லை. சின்ன வயசுலயும் பவுடர் போட்டா ஓடுவே."

"நீ போட்டுவிட்டா முகம் தெரியாதேடி. மாவுல விழுந்த மாதிரி இருப்பேன்."

ஒரு விடுமுறை நாளில் டீச்சர் தான் வேலை பார்க்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரைக் கேட்டு வாங்கிவந்தாள். பின்னிருக்கை முழுக்கப் பெட்டிகளை அடுக்கினாள். முன்னால் அவள் ஓட்ட, கற்றுத்தருபவருக்கான பக்கத்து இருக்கையில் சித்தி. அந்த இருக்கையின் கீழும் ஒரு பிரேக் இருந்தது. "அதுல கால் வைக்காதீங்க" என்று சொல்லித்தான் ஏற்றிக்கொண்டாள்.

முதலில் ஆதரவற்ற பெண்கள் தங்கும் இல்லம். காப்பாளர் ஒல்லியான பெண்மணி. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

"திறந்ததை நாங்க எடுத்துக்கறதில்லைம்மா."

"திறந்ததுதான். யூஸ் பண்ணலை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அது எப்படி ஒண்ணாகும்? கதவைத் திறந்தாலே உள்ள போய்க் குடியிருந்ததா அர்த்தமா?"

காப்பாளர் ஒரு க்ரீம் புட்டியைச் சாய்த்துக் காட்டினார். மேலே மஞ்சள் தண்ணீர் தனியாக ஓடியது. "இதுல யாரோ குடியிருந்துட்டாங்க போல."

டீச்சர் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தாள். சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "கட்டின துணியோட வர்றவங்களுக்கு இவ்வளவு பார்க்கணுமா? ஒரு லிப்ஸ்டிக் போட்டாக் கொஞ்சம் சந்தோஷமா இருக்குமேன்னு பார்த்தேன்."

"லிப்ஸ்டிக்கும் வேணும்தான். புதுசா வேணும். வீட்ல அடிவாங்கிட்டு வந்தவ, முகம் தெரியாத யாரோ தேய்ச்சுப் பார்த்ததை எதுக்குப் பூசிக்கணும்? அவளுக்கு மிச்சமெல்லாம் போதாதா?" காப்பாளர் குரலை உயர்த்தவில்லை. உறை பிரியாத சோப்புக்கட்டிகளையும், மூடி முத்திரை உடையாத நாலைந்து ஷாம்பு புட்டிகளையும் மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். பற்பசை, நாப்கின், பேன் சீப்பு என்று தேவைப்படுவதைச் சொன்னார். சித்தி காதில் வாங்கவில்லை. பழக்கதோஷத்தில் வாசற்படியில் நின்றாள். யாரும் நன்றி சொல்லாததால் டீச்சர்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"திமிர்" என்றாள் சித்தி காரில். "இல்லாதப்பவே இவ்வளவு திமிர்."

முதியோர் இல்லத்தில் வாசனை எதுவும் கூடாது என்றார்கள். அங்கிருப்பவர்களுக்கு இருமல் வரும். சித்தி அவர்களுக்கு ரசனை இல்லை என்று தீர்ப்பு சொன்னாள். தெருநாய்களைப் பராமரிக்கும் இடத்தில் ஒரு பையைத் திறந்த இளைஞன் முகத்தைச் சுளித்தான். வாசனை இல்லாத ஷாம்பு இருந்தால் தரலாமாம்; நாய்க்கு மூக்கு நுட்பமாம்.

"நாய்கூட வேண்டாங்குது" என்றாள் சித்தி.

"நாய் சொல்லலை சித்தி. நாய்கிட்ட நாம கேக்கவே இல்லை."

கடைசியாக, அழகுக்கலை சொல்லிக்கொடுக்கும் நிலையம். மாடிப்படி ஏறியதும் நீண்ட மேசையில் பிளாஸ்டிக் தலைகள் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கு நெற்றி நடுவரை புருவம் வரைந்திருந்தது. இன்னொன்றின் உதடு ஒரு பக்கமாக வழிந்து தாடையில் முடிந்தது. பயிற்சி தரும் அம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"எல்லாத்தையும் இறக்குங்க. திறந்தது, உடைஞ்சது, எதுவானாலும் சரி."

"தேதி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்றாள் டீச்சர்.

"இருந்துட்டுப் போகட்டும். இதுங்க மூஞ்சியில என்ன கொப்புளமா வரப்போகுது?"

சித்தி ஒரு சென்ட் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "இது வெளிநாட்டுச் சரக்கு."

"பொம்மைக்கு உள்நாடு வெளிநாடு தெரியாதுங்க."

சித்தி குப்பியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பெட்டிகளை மறுபடி காரில் ஏற்றியபோது டீச்சரின் பொறுமையும் தீர்ந்தது.  தெருமுனை திரும்பியதும், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வியாழக்கிழமை வீட்டு ஓனர் அம்மாவோட சாமானையெல்லாம் தெருவுல வைக்கப்போறார். அதனால என்ன? உங்க பாட்டில் தகுதியான மூஞ்சிக்குப் போய்ச் சேரணும்."

"நான் அப்படிச் சொல்லலை."

"சொல்லிட்டுத்தானே இருக்கீங்க. பொம்மைத் தலைக்குக் குடுக்க மனசு வரலை. இதையேதான் எங்களுக்கெல்லாம் குடுத்தீங்க, வாசல்ல நின்னு நன்றியும் வாங்கிக்கிட்டீங்க. அப்ப நாங்க என்ன சித்தி? பொம்மைத் தலைக்கும் கீழயா?"

 கார் நடுரோட்டில் எதிலோ முட்டிக்கொண்டதுபோல் நின்றது. பின்னிருக்கையில் பெட்டிகள் சரிந்து ஏதோ உடைந்து, மல்லிகையா மருந்தா என்று தெரியாத வாடை எழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"சித்தி! காலை எடுங்க! பிரேக்குல இருந்து காலை எடுங்க!"

சித்தி காலை எடுத்தாள். "வண்டியைத் திருப்பு" என்றாள்.

அன்றும் மறுநாளும் மூன்று நடையில் எல்லாம் அந்த மாடிப்படி ஏறின. ஒன்றையாவது முந்தானையில் முடிந்துகொள்வாள் என்று டீச்சர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக மனம் மாறிவிட்டாள் என்று எண்ண இடமும் தரவில்லை. ஒரு மாணவி பொம்மையின் உதட்டில் சாயத்தை அப்பிக்கொண்டிருக்க, பக்கத்தில் போய் நின்றாள். "கீழுதட்டு நடுவுல ஆரம்பி, மண்டையில ஒண்ணுமில்லாதவளே."

"யாரைச் சொல்றீங்க, என்னையா இதையா?"

"ரெண்டு பேரையும்தான்."

வியாழக்கிழமை டீச்சர் அம்மாவையும் சாமான் வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவு திறந்திருந்தது. பெரிய அறை துடைத்துவிடப்பட்டுக் காலியாகக் கிடந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. சித்தியின் கட்டில் சின்ன அறையில், சுவருக்கும் சுவருக்கும் நடுவில் திணித்ததுபோல் நின்றது. விரிப்பில் ஒரு கசங்கல் இல்லை. அத்தனை பெட்டிகள் போன பிறகும் அந்த அறையின் வாசனை அங்கேயே இருந்தது. வாசலில் நின்ற அம்மா தும்மினாள்.

"என்னடி இது?"

"என்னத்தை என்ன? சாமானை இறக்கச் சொல்லுக்கா, வண்டிக்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

"உன் ரூம்டி அது. ஜன்னல் இல்லாம உனக்குத் தூக்கம் வராதே."

சித்தி கேளாததுபோல் கூடத்து விளக்குமாற்றை எடுத்து ஓரமாக வைத்தாள்.

டீச்சருக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. இரவெல்லாம் அக்காள் தும்மினால் தன் தூக்கம் கெடும் என்று கிழவி யோசித்திருப்பாள். அல்லது, அந்த வாசனையை விட்டு இருக்க முடியவில்லை. பெட்டிகள்தான் போயின, மிச்சத்தையாவது பிடித்துக்கொள்வோம் என்று உள்ளே போய்ப் படுத்திருப்பாள். அப்படியானால் ஜன்னல் அறையும் அவள் வேண்டாமென்று தள்ளிய சாம்பிள்களில் ஒன்றுதான். இரண்டுமே சித்திக்குப் பொருந்தக்கூடியவை. மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அதை நம்ப டீச்சருக்கு மனம் கூசியது.

"ஏன் சித்தி?" என்று நேராகவே கேட்டாள்.

"ஒழிச்சுத் தரச் சொன்னே. ஒழிச்சேன்."

அம்மா ஜன்னலோரம் போய் நின்றாள். சித்தி அவளைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று எதற்கும் காத்திருக்கவுமில்லை. சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.