குதிரைக் காசு

மெட்டல் டிடெக்டர் வாங்கிய மூன்று வருடத்தில் நான் தோண்டியெடுத்த பீர் கேன் மூடிகளை உருக்கினால் கல்யாண வீட்டுக்கு ஓர் அண்டா வார்க்கலாம் என்பார் என் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும். வாரம் ஐந்து நாள் சாஃப்ட்வேரில் அடுத்தவர் செய்த தப்பைத் தோண்டுகிறேன், சனிக்கிழமை மண்ணைத் தோண்டுகிறேன். மண் பதிலுக்கு மெயில் அனுப்புவதில்லை.

நான் தேடியது ஒன்றே ஒன்றுதான். சுதந்திரம் வாங்கிய புதிதில் அமெரிக்காவே எழுந்து நிற்கத் தடுமாறிய காலத்தில், நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலம் தனக்கென்று அடித்துக்கொண்ட செம்புக்காசு. ஒரு பக்கம் குதிரைத் தலை, அதன் கீழே ஏர்க்கலப்பை. குதிரைக்கும் கலப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் ஈரோட்டுக்காரர்கள் கேட்பார்கள். இங்கே குதிரை பூட்டித்தான் உழுதார்கள்.

பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரைத் தாண்டி ஒரு பழைய பண்ணை வீடு. எண்பது வயதுக்கு மேற்பட்ட அமெரிக்க அம்மா ஒருவர் அங்கே தனியாக இருந்தார். கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் கை வைக்கக் கூடாது என்பதால் கதவைத் தட்டினேன். அவர் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் என் காதில் அது எப்போதும் தமிழாகத்தான் விழுந்தது.

“குழியை ஒழுங்கா மூடணும். கிடைச்சதை நீயே வச்சுக்கோ. ஆனா முதல் குதிரைக் காசு எனக்கு. என் வீட்டுக்காரர் இங்கே நாற்பது வருஷம் தேடி ஆறு எடுத்தார். அவர் போனதும் பசங்க அத்தனையையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

சத்தியம் செய்து கொடுத்தேன்.

நான்காவது சனிக்கிழமை. டிடெக்டர் ஹெட்ஃபோனில் ‘டிங்’ என்று அப்படி ஒரு சத்தம்! ஒரு சாண் ஆழத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கலப்பையின் கைப்பிடி மட்டும் லேசாகத் தெரிந்தது. அடியாத்தீ! தலைகால் புரியவில்லை. நான் போட்ட கூச்சலில் வாத்துக் கூட்டம் ஒன்று பறந்தே போய்விட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன், அந்த அம்மா வெளியே போயிருந்தார். சரி, நாளைக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று கிளம்பினேன். வழியெல்லாம் காரில் பாட்டுதான், நானே பாடியது.

“ஏங்க, கிடைச்சிருச்சுங்க!”

“என்னது, மூடியா?”

மண் இளகட்டும் என்று காசைச் சிங்க் ஓரத்தில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஜெர்சி சிட்டியில் இருக்கும் என் தங்கையை ஸ்பீக்கரில் கூப்பிட்டேன். மறுநாள் கார்த்திகை தீபம். சிங்க் நிறையப் பித்தளை விளக்குகள், பக்கத்தில் கரைத்த புளி. அவளிடம் டிங் என்ற சத்தத்தை நடித்துக் காட்டிக்கொண்டே ஒவ்வொரு விளக்காகத் தேய்த்தேன். வாய் ஓடியது, கையும் ஓடியது.

“அக்கா, இப்ப அந்த காயின் எப்படி இருக்கு?”

குனிந்து பார்த்தேன். என் உள்ளங்கையில் புளி நுரைக்கு நடுவே நேற்று அடித்த காசு மாதிரிப் பளபளவென்று இருந்தது. ஐயோ!

பழைய காசுக்கு அந்தக் கறுப்புதான் உயிர். அதைத் தேய்த்துவிட்டால் காசு சேர்ப்பவர்கள் தொடக்கூட மாட்டார்கள். போன மாதம்தான் வினிகரில் காசைக் கழுவிய ஒரு டெக்சாஸ்காரரை வாட்ஸ்அப் குரூப்பில் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாலும் அது என் தாழியாக இருந்திருந்தால் பரவாயில்லை. இது அந்த அம்மாவுடைய காசு. உட்கார்ந்து அழுதேன்.

“இன்னொண்ணு கிடைக்கிற வரைக்கும் வாயைத் திறக்காத. அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் கணவர். ஒரு நிமிடம், இல்லை, ஐந்து நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் அந்த அம்மாவின் கிச்சன் மேஜையில் காசை வைத்துவிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விளக்கு, தங்கை, புளி, எல்லாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“இது காதா?”

“ஆமாம்.”

“இது பிடரி மயிரா?”

“ஆமாம்... ரொம்ப ஸாரி, நான் வேணும்னு...”

“இரு.” நகத்தால் குதிரையின் மூக்கைத் தடவினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் ஒரு கறுப்பு வட்டத்தை என் மூக்குக்குக் கிட்ட நீட்டி, ‘குதிரை தெரியுதா?’ன்னு கேட்பார். தொட விடமாட்டார். நானும் தெரியுது, தெரியுதுன்னு நாற்பது வருஷம் பொய் சொன்னேன். மனுஷன் சும்மா கதை விடறார்னுதான் நினைச்சேன்.”

காசை இன்னொரு தடவை வெளிச்சத்தில் திருப்பினார்.

“பாவம், நிஜமாவே குதிரை இருந்திருக்கு.”

மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்து, அது எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை பார்க்கட்டுமா என்று கை நீட்டினேன். அவர் தரவில்லை.