குடிபோகக் காத்திருந்த வீடு

என் கணவர் விபத்தில் இறந்தபோது நாங்கள் மெர்லிமாவில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வாடகைக்கு இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. எனக்கு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. பெரிய லென்சுக்கு அடியில் மின்சுற்றுப் பலகையை வைத்து, ஈயப் பற்று ஒவ்வொன்றும் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று, பக்கத்தில் இருக்கும் மாதிரிப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இல்லை. டிவியோடு இணைத்து விளையாடும் கேம் பெட்டி ஒன்று இருந்தது. அதை அவர்தான் வாங்கி வந்தார்.

அதில் அவர் பல மாதங்களாக ஒரே கேசட்டைப் போட்டு ஒரே விளையாட்டைத்தான் விளையாடிக்கொண்டிருந்தார். ஓர் ஊர் எரிந்து கிடக்கும். மக்கள் காட்டிலும் குகையிலும் சிதறிப் போயிருப்பார்கள். கத்தியோடு ஒரு சின்ன உருவம் அலைந்து, வழியில் வரும் பூதங்களை அடித்து, மரமும் கல்லும் சேர்த்து, ஒவ்வொருவராகக் கூட்டி வந்து வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. எதை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டார். நான் போகிற வருகிற போது டிவியைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "உனக்கு ஒரு வீடு கட்டி வச்சிருக்கேன்லா, வந்து பாரு" என்றார். இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். முடிப்பதற்குள் அவருக்கு இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை அணைத்துவிட்டு, வேறொரு நாள் காட்டுவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தார். அந்த வாரமே, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஜாசின் சாலையில் லாரி மோதி இறந்துபோனார்.

அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சடங்குகளின்போதே எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. அதனால்தான் அது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. வந்தவர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் டைரியில் எழுதியிருப்பது மழையையும் பஸ்ஸையும் பற்றித்தான்.

கருமாதி பெம்பானுக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த மாமியார் வீட்டில் நடந்தது. இறந்தவர் ஆசைப்பட்ட பொருளெல்லாம் படையலில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாமியார் முதல் நாளே மெர்லிமாவுக்கு வந்து அவருடைய சட்டை, கைக்கடிகாரம், சீப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார். படத்துக்கு முன்னால் வாழையிலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறும், ஆட்டுக்கறியும், ஒரு பாட்டில் கறுப்பு பீரும் இருந்தன. கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்த கேம் கேசட்டும் இருந்தது. மகன் எப்போதும் அதைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். மற்றப் பொருள்களுக்குச் செய்தது போலவே அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். பிறகு எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது தொழிற்சாலையில் நான் தினமும் பார்க்கிற விஷயம். அன்று அது மனதில் ஏறவில்லை.

கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது திரை கறுப்பாகவே இருந்தது. என் கொழுந்தனார், அதாவது கணவரின் தம்பி, ஜாசினில் ரேடியோ டிவி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தார். அவர் வந்து திருகாணியைக் கழற்றினார். உள்ளே மஞ்சள் கறை. விளையாட்டு எதுவரை வந்தது என்பதை நினைவில் வைத்திருக்க அதனுள் ஒரு சிறிய பாட்டரி இருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. ஸ்பிரிட்டில் பல் பிரஷை நனைத்துத் துடைத்தார், வேறு பாட்டரி வைத்து ஈயத்தால் பற்ற வைத்தார். நான் லென்சில் பார்க்கும் பழக்கத்தில் குனிந்து பார்த்தேன். நல்ல பற்று.

"கேம் ஓடுது அண்ணி. ஆனா அண்ணன் சேவ் பண்ணினது ஒண்ணும் இல்ல."

"எதுவுமே இல்லையா?"

"அந்த ஊரே இல்ல."

நான் தேநீர் போட எழுந்தேன். அவர் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். அம்மாவிடம் கேட்கப் போவதாகவும், இதற்குப் போய் யாராவது தண்ணீர் தெளிப்பார்களா என்றும் சத்தம் போட்டார்.

"கேட்டா ஊரு திரும்பி வருமா? அத்தைகிட்ட சொல்லாதீங்க தம்பி" என்றேன்.

தேநீரை வாங்கிக்கொண்டார். பிறகு, முதலிலிருந்து விளையாடிக்கொண்டே போனால் அந்த வீடு மறுபடியும் வரத்தானே வேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். மாமியார் அதற்குள் தோட்டத்து வீட்டை விட்டு என்னோடு வந்திருந்தார். கொழுந்தனார் விளையாடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் குகையில் எந்தத் திசையில் போனோம் என்பதைச் சொல்லுவேன். வழிகளை நினைவில் வைத்துக்கொள்ள என்னால் முடிந்தது. மாமியார் நெத்திலித் தலையைக் கிள்ளியபடி திரையைப் பார்ப்பார். இது மகன் கட்டிக்கொண்டிருந்த ஊர், மருமகளுக்கு அதில் ஒரு வீடு கட்டியிருந்தான் என்று அவருக்குச் சொல்லியிருந்தோம். ஏன் முதலிலிருந்து கட்டுகிறோம் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

கொல்லர் வீட்டை முதலில் கட்டினால் நல்ல கத்தி கிடைக்கும் என்றார் கொழுந்தனார். மாமியாருக்கு அதில் சம்மதமில்லை. ஊர் ஓரத்தில் மணி தொங்கும் இடிந்த கட்டடம் ஒன்று இருந்தது.

"கோயில எடுக்காம குடிய வைக்கிறியே, வெளங்குமா?"

"அது கோயில் இல்லம்மா. சர்ச் மாதிரி இருக்கு."

"எதுவா இருந்தா என்னடா? சாமி இருக்குற எடந்தான? இருக்குற ஊர்ல ஒரு வீடு வாங்கத் துப்பில்ல, டிவிக்குள்ள மேஸ்திரி வேல பாக்குற. சொன்னா கேளு."

கொழுந்தனார் சேர்த்து வைத்த கல்லையெல்லாம் அந்தக் கட்டடத்தில் போட்டார். மணி ஒரு முறை அடித்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. கத்தி இல்லாமல் பல வாரம் ஒரே குகையில் செத்துச் செத்து எழுந்தோம். மாமியாருக்கு மட்டும் திருப்தி.

எனக்கு அந்த ஞாயிறுகள் பிடித்திருந்தன என்று சொல்ல முடியாது. பிடிக்காமலும் இல்லை. திங்கட்கிழமை பலகைகளைப் பார்ப்பது போலத்தான் அதையும் பார்த்தேன். ஆனால் ஒரு ஞாயிறு கொழுந்தனாருக்குக் காய்ச்சல் வந்து வராமல் போனபோது, மாலை முழுவதும் நான் வாசல் கம்பிக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

கடைசி ஆள் ஒரு மீனவர். அவரையும் குகையிலிருந்து கூட்டி வந்ததும், ஊர்க்காரர்கள் எல்லாரும் தாங்களாகவே ஒன்றுகூடி மேட்டின் மேல் ஒரு வீடு கட்டினார்கள். நாங்கள் எதையும் அழுத்தவில்லை. ஊரை முடிக்கிற எல்லாருக்கும் இந்த வீடு வரும் போலிருக்கிறது என்று கொழுந்தனார் மெதுவாகச் சொன்னார். அப்படியானால் என் கணவர் ஊரை முழுதாக முடித்திருந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதை என்னிடம் அவர் சொல்லவில்லை. வீடு கட்டியதை மட்டும்தான் சொன்னார்.

பிறகு திரையில் மூன்று கூரைகள் வந்து நின்றன. சிவப்பு, நீலம், பச்சை. ஒன்றை அழுத்தினால்தான் மேலே போகும்.

"அண்ணன் எத எடுத்திருப்பாரு?" என்றார் கொழுந்தனார். மோட்டார் சைக்கிள் நீலம், அதனால் நீலமாகத்தான் இருக்கும் என்று அவரே பதிலும் சொன்னார். சிவப்புதான் என்றார் மாமியார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒப்பிட மாதிரி இல்லாத பலகையை என்னால் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது.

"எனக்குன்னுதான கட்டினாரு. பச்சை போடுங்க."

கூரை பச்சையானது. கொழுந்தனார் உருவத்தை மேட்டில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோனார். மாமியார் நெத்திலித் தட்டைக் கீழே வைத்தார்.

"நில்லுடா. உள்ள போவாத."

"ஏம்மா?"

"அண்ணன் போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள புது வீட்டுல குடி போவாங்களா?"

"இது கேம்மா. இதுக்குமா தீட்டு?"

"அவன் இவளுக்குக் கட்டின வீடுன்னு நீதான சொன்ன? அப்ப இது வீடுதான்."

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். அவர் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. ஓர் அழுத்தில் கதவு திறந்துவிடும். நான் அதற்காகத்தான் அத்தனை ஞாயிறும் உட்கார்ந்திருந்தேன். மாமியாரைப் பார்த்தேன். அவர் கோபமாக இல்லை. என்னைத் தடுத்த மாதிரியும் இல்லை. மகன் கட்டியது நிஜமான வீடு என்று அந்த அறையில் நம்பியவர் அவர் ஒருவர்தான்.

"சேவ் பண்ணி வச்சிடுங்க தம்பி. வருசம் திரும்பட்டும்" என்றேன்.

அவர் வாசலில் உருவத்தை நிறுத்தி சேவ் செய்தார். கேசட்டை நான் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். சாமி அலமாரியில் அல்ல, துணி அலமாரியில்.

திவசம் முடிந்தபோது கொழுந்தனார் ஜொகூரில் வேறு வேலைக்குப் போயிருந்தார். போன் செய்தபோது, அண்ணி நீங்களே போட்டுப் பாருங்கள், முன்னால் போகிற பொத்தானை அழுத்தினால் போதும் என்றார். அடுத்த ஞாயிறு மதியம் நானும் மாமியாரும் உட்கார்ந்தோம். பொத்தான் வைத்த அந்தக் கைப்பிடி எனக்குப் பழக்கமில்லை. உருவம் முதலில் சுவரில் முட்டியது. பிறகு கதவு திறந்தது.

ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சன்னல்.

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுப்பு வைக்கலியா?"

"இல்ல அத்தை."

"அவனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்" என்று சொல்லி எழுந்து சமையலறைக்குப் போனார்.

நான் உடனே அணைக்கவில்லை. உருவத்தைச் சன்னல் பக்கம் நடத்திப் போனேன். அங்கே நின்றால் ஊர் தெரியும் என்று நினைத்தேன். சன்னலுக்கு வெளியே நீல நிறம் மட்டும்தான் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.