மோட்டார் போடலாமா?

எங்கள் வீட்டுக்கு வாங்கவிருந்த முதல் கம்ப்யூட்டரின் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பதினைந்து வயதில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஏழெட்டு மாதம் விடாமல் யூட்யூப் பார்த்திருந்ததுதான் எனக்கிருந்த தகுதி. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அது இல்லை. தக்காளி நாற்று விஷயத்தில் விவசாய அலுவலரையே நம்பாத அப்பா, இந்த விஷயத்தில் என்னை நம்பினார்.

கம்ப்யூட்டர் கேட்டது அக்கா. சேலத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டில் கம்பெனிக்காரர்கள் வேலைக்குத் தேர்வு வைப்பார்கள், அதற்கு முன் வீட்டில் ஒன்று இருந்தால் நல்லது என்றாள். அதை விளையாட்டுக்கான கம்ப்யூட்டராக மாற்றியது நான். கேம் ஓடுகிற கம்ப்யூட்டரில் எல்லாமே ஓடும் என்று வீட்டில் சொன்னேன். அந்த ஆண்டு நான் சொன்னவற்றில் உண்மையானது அது ஒன்றுதான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதினேன். ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று எட்டு வரி. எழுதுவதும் அடிப்பதுமாக மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் அப்பா நோட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல எது சாமி கம்ப்யூட்டரு?"

நானும் அக்காவும் அன்று முழுக்கச் சிரித்தோம்.

ப்ராசஸர் விஷயத்தில் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் தகராறு வந்தது. நான் பார்த்து வைத்திருந்த ப்ராசஸர் இரண்டு வகையில் கிடைத்தது. ஒன்றில் திரையில் படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கும். மற்றொன்றில் இருக்காது, விலை கொஞ்சம் குறைவு. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடுகிறவர்களுக்கு இரண்டாவதே போதும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். அக்கா அந்த வீடியோக்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கார்டு போயிடுச்சின்னா?"

"கார்டெல்லாம் போவாதுக்கா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுதான். தெரிஞ்சவன் நீயே சொல்லு, போச்சின்னா என்ன பண்றது?"

மிச்சமாகும் பணத்துக்கு என் மனதில் வேறு இடம் இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, மூன்று விசிறியிலும் வண்ண விளக்கு எரியும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ரயிலேறி பெங்களூருக்குப் போனோம். தக்காளி மண்டிக்கு வரும் கர்நாடக வியாபாரிகளிடம் பேசிப் பேசி அப்பாவுக்குக் கன்னடம் வரும். எட்டு பொருளில் ஏழு புதிதாக வாங்கியாயிற்று. கிராபிக்ஸ் கார்டு புதிதாக வாங்க முடியாது, பழையதுதான் கட்டுப்படியாகும். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். நான் அதன் மாடலைப் பார்த்தேன். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பினார். விசிறி இறக்கைகளுக்கு நடுவே விரல் விட்டுத் தடவினார். பிறகு முகர்ந்து பார்த்தார். மண்டியில் கூடையின் அடியில் கைவிட்டுப் பழத்தை எடுத்துப் பார்ப்பாரே, அதே முகம். கடைக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவர் சிரித்தார். அப்பா என் பக்கம் குனிந்தார்.

"பழசுங்கறான். ஒரு பொட்டுத் தூசி இல்ல. எதுக்குக் கழுவி வெச்சிருக்கான்?"

பக்கத்தில் இரண்டு கல்லூரி மாணவர்கள் நின்றிருந்தார்கள். கார்டை முகர்ந்து பார்த்த என் அப்பாவை அவர்களும் பார்த்திருந்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று.

"உங்களுக்குத் தெரியாதுப்பா. சும்மா இருங்க."

அவர் கார்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். "சரி சாமி, நீயே பாத்துக்கோ" என்றார்.

டிஜிட்டல் நாணயம் எடுப்பதற்காக இரவு பகலாக மாதக்கணக்கில் ஓடித் தேய்ந்த கார்டுகளைக் கழுவித் துடைத்து விற்பது அப்போது நடந்துகொண்டிருந்தது. இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் ஓராண்டுக்கு மேல் நன்றாக ஓடியது. அக்கா கடைசி ஆண்டுக்கு வந்தபோது கொரோனாவால் கல்லூரி மூடியிருந்தது. வகுப்பு, தேர்வு எல்லாம் வீட்டிலிருந்துதான். ஒரு பெரிய கம்பெனியின் தேர்வுக்கு அவள் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி. கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், செல்போனில் எழுதக் கூடாது என்று போட்டிருந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பே, நான் விளையாடும்போது திரையில் மெல்லிய கோடுகள் குறுக்கே ஓட ஆரம்பித்திருந்தன. கார்டு போகப்போகிறது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. தேர்வில் விளையாட்டைப்போலப் பாரம் இருக்காது, தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று காலை அக்கா கல்லூரிக்குப் போவதுபோலத் தலைவாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அறைக்குள் யாரும் வரக் கூடாது. அம்மா குக்கரைக்கூட வைக்கவில்லை. அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். பத்தே காலுக்குத் தோட்டத்து மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் அவர் மோட்டாரைப் போட்டார். மோட்டார் எழும்போது எங்கள் வீட்டு பல்பு ஒரு நொடி மங்கித் திரும்பும். அன்றும் அப்படித்தான் மங்கியது.

அடுத்த சில நிமிடங்களில் அக்கா கூப்பிட்டாள். "டேய், வாடா. வந்து பாரு."

திரை கறுப்பாக இருந்தது. பெட்டிக்குள் மூன்று விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறி எரிந்தன. நான் கார்டைக் கழற்றி, அதன் முனையை ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, படம் வரவில்லை. மறுபடியும் கழற்றினேன். அக்கா பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள். மதர்போர்டிலேயே திரையின் ஒயரைச் சொருகும் துளை ஒன்று இருந்தது. அதில் விரல் வைத்தாள்.

"இந்த ஒயர இங்க மாத்திச் சொருவுனா வராதா?"

"வராது."

"ஏன்?"

படம் காட்டும் வசதி இல்லாத ப்ராசஸரை நான் வாங்கியதால் அந்தத் துளை வெறும் துளைதான். அதை நான் சொல்லவில்லை. அதற்குள் அப்பா சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னாச்சு? முடிஞ்சிருச்சா?"

"நீங்க மோட்டார் போட்டீங்கல்ல, அதாலதான். வோல்ட்டேஜ் அடிச்சிருச்சு" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்பா எரிந்துகொண்டிருந்த வண்ண விளக்குகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். கொட்டகைக்குத் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் மோட்டார் நின்றது. பாத்திகளில் பாதிகூட நனைந்திருக்காது. நிறுத்தினால் படம் திரும்பிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை, நான் தப்பித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கம்பெனிக்கு அவள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்கு வேலை கிடைத்தது. அவள் எழுதி முடித்திருந்தால் ஐந்தாவதாக இருந்திருப்பாள் என்பதற்கு ஆதாரம் இல்லை. எழுதி முடிக்கவில்லை என்பது மட்டும் உண்மை. பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவள் வாழ்க்கை கெட்டுவிட்டது என்று எழுதினால் அவளே சண்டைக்கு வருவாள்.

அடுத்த மாதம் தக்காளி நல்ல விலைக்குப் போனது. அப்பா யாரும் கேட்காமலே என்னைக் கூட்டிப்போய், புதிய கார்டே வாங்கித் தந்தார். "எங் கையால போனது, நானே வாங்கித் தரேன்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மோட்டார் போடுமுன் அப்பா வீட்டு வாசலுக்கு வந்து கேட்கத் தொடங்கினார். "கம்ப்யூட்டர் ஓடுதா சாமி? மோட்டார் போடலாமா?" நான் விளையாட்டின் நடுவில் இருந்தால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் பத்து நிமிசம்ப்பா" என்பேன். அவர் வெளியே நிற்பார். அந்தக் கோடையில் மும்முனை மின்சாரம் வருவதும் போவதும் சொல்லிவைத்தாற்போல் இல்லை. இரண்டு முறை அவர் நின்றுகொண்டிருக்கும்போதே போய்விட்டது. பூ விட்டிருந்த செடிகளுக்கு அன்று தண்ணீர் இல்லை. இயந்திரத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன வருடம் ஓசூரில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்ததா, தெரிந்தால் ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வெளக்கு அத்தினியும் எரிஞ்சிட்டிருந்துச்சேடா. வோல்ட்டேஜ் அடிச்சிருந்தா அதுவும் போயிருக்காதா? எனக்குத் தெரியாமலா இருக்கும்? நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கும் சொல்லலதானே?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டுக்கேட்டு மோட்டார் போட்ட மனிதரிடம் அதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் இப்போது இல்லை. விடுமுறைக்குப் போகும்போது என் லேப்டாப்பை எடுத்துப் போகிறேன். அது ஒயரில்லாமல் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா வாசலில் வந்து நிற்கிறார்.

"வேலை நடக்குதா சாமி? மோட்டார் போடலாமா?"

"போடுங்கப்பா."

கொட்டகையில் மோட்டார் எழுகிறது. பல்பு ஒரு நொடி மங்கித் திரும்புகிறது. அப்பா மறுபடியும் வாசலுக்கு வந்து, திரையில் படம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறார்.