ஏழாம் நம்பரில் மிச்சம் இரண்டு நிமிடம்

நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாடு எட்டரை மணிக்கு. ஒன்பது அடிப்பதற்குள் சண்டை தொடங்கிவிடும். கென், ஆலன் என்று இரண்டு பெரியவர்கள். இருவருக்கும் எண்பதை ஒட்டிய வயது. கென்னுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய், ஆலனுக்கு இடுப்பெலும்பு உடைந்து சேர்ந்திருக்கிறது. சண்டை சொத்துக்காக இல்லை, பிள்ளைகளுக்காக இல்லை. தாங்கள் இளவட்டமாக இருந்தபோது வந்த ராக் ஆல்பங்களில் எது உசத்தி என்பதுதான் விவகாரம். "இரண்டாவது பக்கம் முழுக்க வெறும் ஜோடனை" என்பார் கென். ஆலன் கையிலிருக்கும் டோஸ்ட்டைத் தட்டில் போட்டுவிட்டு முகம் சிவந்துபோவார். நம்மூரில் இந்த வயதில் ஜெபக்கூட்டத்துக்கோ கோயிலுக்கோ போவார்கள். இங்கே ட்ரம்ஸ்காரன் தாளத்தை விட்டானா பிடித்தானா என்று ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்கிறார்கள், நான் மாத்திரையோடு ஓடுகிறேன். சண்டை முற்றினால் ஆலன் தன் ரெக்கார்ட் பிளேயரில் சாட்சியைச் சுழலவிடுவார். அதில் குறிப்பிட்ட ஒரு ஆல்பம் வந்தால், அதன் நான்காவது பாட்டில் ஓர் இடம் வந்ததும் நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். இரண்டு நிமிடம் கழித்துத்தான் உள்ளே வருவேன். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது என்று இங்கே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவர்களுக்கு விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருத்தங்கலில். அம்மா பள்ளிக்கூட டீச்சர், அப்பா அச்சகத்தில் வேலை. என் தம்பி ஜெபசிங் என்னைவிட இரண்டு வயது இளையவன்; வீட்டில் ஜெபா. ஒரு டிசம்பரில் அப்பா, விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கேசட் பதிந்து தரும் கடையில் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார். தொண்ணூறு நிமிடக் கேசட். பாட்டுகள் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டன. மறுபக்கத்தைச் சும்மா விடுவானேன் என்று, "எதையாவது இங்கிலீஷ் பாட்டு போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் ஒரு ராக் ஆல்பத்தை அப்படியே பிடித்து அடைத்துவிட்டார். லேபிளில் கடைப் பட்டியலின்படி 'இங்கிலீஷ் 7' என்று மட்டும் எழுதியிருந்தது. பாடியவர்கள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எங்கள் டேப் ரிக்கார்டரின் பெல்ட் தளர்ந்துபோய் அப்பா ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தார். எல்லாப் பாட்டும் இழுத்துக்கொண்டுதான் ஓடும். பாடகருக்கு அடித்தொண்டைக் கட்டைக் குரல் என்றே நம்பினோம். கடைசிப் பாட்டு உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் டேப் தீர்ந்து 'டக்'கென்று பட்டன் எழும்பும். அதோடு சரி.

அந்த 'டக்'குக்கு அப்புறம் என்ன வரும் என்பதுதான் எங்கள் முதல் சண்டை. ட்ரம்ஸ் வெடித்துச் சிதறி முடியும் என்பான் ஜெபா. போகப்போகத் தேய்ந்து அடங்கும் என்பேன் நான். பிறகு அதே கடையில் மற்ற நம்பர்களையும் பதிந்து வாங்கினோம். நான் நான்காம் நம்பர் கட்சி, அவன் ஏழாம் நம்பர் கட்சி. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே சில நாளைக்கு ஒருமுறைதான். அதனால் சண்டைக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்: பதில் இல்லாதவர் குடத்தை எடுக்க வேண்டும். வாயால் யாரும் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். ஒரு தோல்விக்கு ஒரு குடம். எடுத்தவரிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவும் கூடாது. அம்மாவுக்கு இந்தச் சட்டம் இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் பொறுப்பாகத் தண்ணீர் பிடிப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். ஜெபா லேசில் குடத்தைத் தொடமாட்டான். தப்பென்று தெரிந்தாலும் மல்லுக்கு நிற்பான்.

நான் மதுரையில் நர்சிங் படித்து, கடைசியில் இங்கிலாந்தின் வடக்கில் மழை விடாத இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். அவன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் ஆனான். அப்பா இறந்த பிறகு அம்மாவோடு அவன் இருந்ததால்தான் நான் விமானம் ஏற முடிந்தது. ஞாயிறுதோறும் போனில் சண்டை தொடர்ந்தது. இந்தக் காலத்தில் தேடினால் அந்த ஆல்பம் கிடைத்திருக்காதா என்று கேட்பீர்கள். கிடைத்திருக்கும். தேடினால் சண்டை முடிந்துவிடுமே என்று இரண்டு பேருமே தேடவில்லை.

போன சித்திரையில் அவன் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். ஜெபா சீசன் லோடைப் பார்க்க வெளியே வந்து சுவரோரம் நின்றிருந்தான். தீக்காயம் சொற்பம்தான். இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போய்விட்டது. பத்து நாள் லீவில் ஓடினேன். அம்மா தன் பழைய பழக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வைத்து, எல்லாவற்றையும் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். மதுரையில் டாக்டர் அதே நோட்டில் எழுதினார்: காதுக்குப் பின்னால் எலும்பைத் துளைத்து ஒரு கருவி வைக்கலாம், தள்ளிப்போடாமல் செய்தால் நல்லது, பழகப் பழகப் பேச்சு புரியும். ஜெபா ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகக் கேட்டான்: "பாட்டு கேக்குமா சார்?" டாக்டர் நல்ல மனிதர், பொய் எழுதவில்லை. பழையபடி கேட்காது, தகரத்தில் தட்டுவதுபோல் இருக்கலாம் என்று எழுதினார். "அப்ப எனக்கு அது வேண்டாம்" என்று நோட்டை மூடிவிட்டான். பஸ்ஸில் வரும்போது என் பக்கம் திரும்பாமலே, "மருந்து ரூம்ல இருந்த மூணு பேரும் போயிட்டாகக்கா. எனக்கு மட்டும் காது எதுக்கு?" என்றான். பாட்டு வெறும் சாக்குதான் என்று அப்போது புரிந்தது. அதற்குப் பிறகு அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மாலைவரை அதே சுவர்தான். அந்த நிலையில் அவனை விட்டுவிட்டுத்தான் நான் வந்தேன். லீவு முடிந்தது, வேலை போனால் விசா போகும் என்று பத்துக் காரணம் சொல்லலாம். வந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

வந்த மூன்றாவது வாரம் ஆலனின் மகன் அந்த ரெக்கார்ட் பிளேயரைக் கொண்டுவந்து வைத்தான். கீச்சுக் குரலில் யாரோ பாடினார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. நான்காவது பாட்டில் கிட்டார் படியேறத் தொடங்கியபோது கையிலிருந்த மாத்திரைக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எங்கள் ஏழாம் நம்பர்! கட்டைக் குரல் எல்லாம் ரப்பர் பேண்டின் வேலை. 'டக்' விழ வேண்டிய இடம் வந்தது, விழவில்லை. பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. முடிந்ததும், "இதுதானே கடைசிப் பாட்டு?" என்று ஆலனிடம் கேட்டேன். "இல்லை லவ், இது முதல் பக்கம்தான். இன்னும் பாதி இருக்கிறது" என்றார். இந்த ஊரில் 'லவ்' என்றால் 'கண்ணு' மாதிரி. விருதுநகர்க் கடைக்காரர் இசைத்தட்டின் இரண்டாவது பக்கத்தை முதலில் பதிந்திருக்கிறார். நாங்கள் முடிவு என்று முப்பது வருடமாகச் சண்டை போட்ட இடம் நடுவில் கிடக்கிறது. உடனே ஜெபாவைக் கூப்பிட்டுச் சொல்லப் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் அவனுக்குக் கேட்காது என்பது நினைவு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஊர் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டு கென் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். மறுநாள் ஆலன் எனக்காக எங்கிருந்தோ ஒரு சிதார் இசைத்தட்டு தேடிப்பிடித்துப் போட்டார். எங்கள் தெருவில் சிதாரை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பதை அந்த நல்ல மனிதரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டைக் கேட்ட அன்று மதியமே ஜெபாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். "ஏலே, ஏழாம் நம்பர் தலைகீழா இருந்திருக்கு. கடைக்காரர் ரெண்டாம் பக்கத்தை முதல்ல போட்டுட்டாக. நீ முடிவுன்னு பேசுனதெல்லாம் நடுவுல வருது. பதில் இல்லைன்னா குடத்தை எடு." மூன்று நாள் பதில் இல்லை. படித்துவிட்டான் என்பதற்கு நீலக் கோடு மட்டும் இருந்தது. அம்மாவைக் கேட்டால், "அப்பிடியேதான் இருக்கான். சோத்தையும் பாதியில வச்சிட்டான்" என்றார். நான்காம் நாள் ஒரே ஒரு சொல் வந்தது: "பொய்." முதியோர் இல்லத்து மருந்து அறைக்குள் நின்று அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு இன்னொன்று: "நம்ம கேசட்ல இருக்கதுதான் ஆல்பம். வெள்ளைக்காரன் மாத்தி வச்சிருக்கான்." எனக்கு என் தம்பி திரும்பிவிட்டதுபோல் இருந்தது. ஒரு வாரம் சண்டை போட்டோம். வேண்டுமென்றே அபத்தமாக எழுதினேன். ட்ரம்ஸே தேவையில்லை என்றுகூட எழுதினேன். காறித் துப்பாத குறையாகப் பதில் வந்தது. ஒரு நாள் அவனே கேட்டான்.

"வெட்டுப்பட்ட பாட்டு எப்படிக்கா முடியுது?"

"சொல்ல மாட்டேன். நீயே கேளு. மதுரைக்குப் போ."

"தகரத்துல தட்டுற மாதிரி கேக்கும்னு அவுகளே எழுதுனாகல்ல. அதைக் கேட்டு என்ன செய்ய?"

நான் எழுதினேன்: "நாம கேட்டது மட்டும் என்னவாம்? ரப்பர் பேண்ட் போட்ட டேப்புல, தலைகீழா, குரலே மாறி, கடைசி இல்லாமக் கேட்டோம். அதுக்குத்தானலே முப்பது வருசம் அடிச்சுக்கிட்டோம். அரைகுறையாக் கேக்குறது உனக்குப் புதுசா?" முடிவு என்று நீ நினைக்கும் இடம் பாதிதான் என்றும் எழுத வந்தது. உபதேச வாடை அடித்தால் போனைத் தூக்கி எறிந்துவிடுவான் என்று அழித்தேன். நீ கேட்கும்வரை அந்த மிச்சத்தை நானும் இனிக் கேட்கமாட்டேன் என்று மட்டும் சேர்த்தேன். பதில் வந்தது: "மிச்சம் எம்புட்டு நேரம்?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசத்துக்கா என் மண்டையைத் துளைக்கச் சொல்லுற?"

"ஆமா."

அதற்குப் பிறகு பதினோரு நாள் ஒன்றுமில்லை. நீலக் கோடுகூட வரவில்லை, போனை அணைத்து வைத்துவிட்டான். அதிகம் அழுத்திவிட்டேனோ என்று போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆண்டவரிடமும் கெஞ்சிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் காலை, கென் வம்புக்கிழுத்து, ஆலன் சாட்சியைச் சுழலவிட்டார். நான்காவது பாட்டு வந்தது. அந்த இடம் வந்ததும் வழக்கம்போல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அப்போது அம்மா கூப்பிட்டார். அங்கே பிற்பகல். எடுக்கவே பயமாக இருந்தது.

"ஏத்தா எஸ்தரு, சாப்பிட்டியா? இப்பத்தான் குழாயில தண்ணி வந்துச்சு. நான் எந்திரிக்கதுக்குள்ள அவனா குடத்தை எடுத்துட்டுப் போயிட்டான்த்தா. இம்புட்டு நாளா வாசலைத் தாண்டாத பய. அங்கன அம்புட்டுப் பேரும் இவனையே பாக்காக, ஒன்னும் பேசாமப் பிடிச்சிட்டு வந்து வச்சிட்டான்."

தம்பியைத் தோற்கடித்துவிட்டு நான் அழுதது அதுதான் முதல் தடவை. மதுரைக்குப் போகச் சம்மதித்துக் குடத்தை எடுத்தானா, இனிப் பேச ஒன்றுமில்லை என்று சண்டையையே விட்டுவிட்டு எடுத்தானா, எனக்குத் தெரியவில்லை. குடத்தை எடுத்தவனிடம் கேட்கக் கூடாது. "எத்தனை குடம்மா?" என்று மட்டும் கேட்டேன். "ஒன்னுதான். திரும்ப எடுத்துட்டுப் போயிருக்கான், இன்னும் வரலை" என்றார் அம்மா. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் வாசலில் காலடி வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். இன்னொரு காதை உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த இரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.