புளி போட்டுத் துலக்கிய போர்விமானம்

நான் துலக்கிய பித்தளையில் முகம் பார்க்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவளுக்குச் சொல்லிக்கொள்ள வேறென்ன இருக்கிறது?

ஜெர்மனியின் பான் நகரத்தில், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் பெரிய ஹோட்டல் ஒன்றில் அப்போது துப்புரவு வேலை செய்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம். கதவுப் பிடிகளெல்லாம் பழங்காலப் பித்தளை. நிர்வாகம் வாங்கித் தந்த மருந்தைப் பூசினால் இரண்டு நாள் மினுங்கும், மூன்றாம் நாள் கறுக்கும். அதனால் நான் பழப்புளியும் உப்பும் பிசைந்து ஒரு ஜாம் போத்தலில் கொண்டுபோவேன். வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்குத் துலக்குகிற அதே முறை. எங்கள் மேற்பார்வைக்காரி, ஒரு ஜெர்மன்காரி, பிடிகளைத் தடவிப் பார்த்து, "நல்ல மருந்து" என்பாள். நானும் தலையாட்டுவேன். அனுமதியில்லாத பொருளைப் பாவித்தால் வேலை போகும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்குத்தான் ஜெர்மன் வாசிக்கத் தெரியாதே.

அந்த வேலை எனக்கு வெறும் வேலை அல்ல. பத்து வருடத்துக்கு மேலாக என் கையில் இருந்தது டுல்டுங் என்கிற காகிதம். 'உன்னைத் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்' என்று அதற்குப் பொருள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய், இன்னும் ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவேண்டும். அந்த வருடம் சட்டம் கொஞ்சம் இளகியது. நிரந்தர வேலை இருக்கிறது என்று வேலையிடத்தில் கடிதம் தந்தால் விசா கிடைக்கும் என்றார்கள். வியாழக்கிழமை விசா அலுவலகத்தில் எனக்கு டெர்மின், வரச்சொல்லிக் குறித்துத் தந்த நேரம். புதன்கிழமை கடிதம் தருவதாக மேற்பார்வைக்காரி சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விமானம் வந்து சேர்ந்தது.

நிஜ விமானம் அல்ல, மாதிரி. இரண்டு முழ நீளம். கீழ் மண்டபத்து மேசையில் வைத்திருந்தார்கள். ஒரு நாடு விற்க வந்திருந்தது, ஒரு நாடு வாங்க வந்திருந்தது. ஜெர்மனி விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. மண்டபமும் கோப்பியும் கொடுத்துவிட்டு நடுவிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டியது. உள்ளே நடப்பதை என்னோடு வேலைசெய்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை கோப்பி கொண்டுபோகும்போது கேட்டுவந்து சொல்வாள்.

"அக்கா, அது ஒருத்தருக்கும் தெரியாமப் பறக்குமாம். ரேடாரிலயும் தெரியாதாம்."

"கண்ணுக்குத் தெரியாத சாமானை என்னெண்டு பார்த்து வாங்கிறது?"

"அதுக்குத்தானே பொம்மை வைச்சிருக்கினம்! ஆனா கேளுங்கோ, வாங்கின ஆக்கள் அதைத் திறந்து பார்க்க ஏலாதாம். ஒரு ஆணி கழண்டாலும் வித்த நாட்டு ஆக்கள்தான் வந்து பூட்டோணுமாம். மேல ஒரு பூச்சு இருக்காம், அதில ஆரும் கை வைக்கக்கூடாதாம். மழையில நனைஞ்சாத் திரும்பப் பூசோணுமாம். அதுக்கும் அவையள்தான் வரோணுமாம்."

"கலியாணம் கட்டிக் குடுத்திட்டு, பொம்பிளையைத் தொடாதை எண்டு மாமியார் கூடவே வந்து இருக்கிற மாதிரியெல்லோ இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் தட்டத்தில் கோப்பி சிந்தியது. அதையும் நான்தான் துடைத்தேன்.

பின்னேரம் எல்லோரும் போனபிறகு மண்டபத்தைத் துப்புரவாக்கப் போனேன். கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த விமானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மினுக்கமே இல்லை. மறுநாள் பெரிய மனிதர்கள் வந்து கையெழுத்துப் போடப்போகிறார்கள், சாமானை இந்தக் கோலத்திலா வைப்பது? வயிற்றுப்பக்கம் நகத்தால் சுரண்டினேன். உள்ளே பித்தளை சிரித்தது. களிம்புதான் என்று முடிவுகட்டினேன். புளியை எடுத்தேன். ஒரு மணித்தியாலம் முழுதாகப் பிடித்தது. செட்டை இரண்டும் சரியான பிடிவாதம். முடித்து, ஈரம் ஒற்றி, விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கோவில் கலசம் தோற்றது.

புதன்கிழமை காலையில் ஹோட்டலே குழம்பிக் கிடந்தது. மண்டபத்து வாசலில் இரண்டு காவலர். எவருக்கும் தெரியாத விமானம் தெருவில் போகிறவர்களுக்கும் ஜன்னலூடாகத் தெரிந்தது. மேசையடியில் நான் மறந்துவிட்டுப் போன ஜாம் போத்தலைக் கையுறை போட்ட ஒருவர் கண்ணாடிப் பையில் போட்டு ஒட்டினார். விற்கிற நாட்டுக் குழுவின் தலைவர் நெடுத்த மனிதர். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் ஒருவர், நல்லகாலம், தமிழ்நாட்டுப் பிள்ளை. என்னை விசாரிக்க அவரை விட்டார்கள்.

"அம்மா, நீங்க இதுல என்ன கெமிக்கல் யூஸ் பண்ணீங்க?"

"உங்கட பூச்சு என்னெண்டு முதல்ல நீங்கள் சொல்லுங்கோ தம்பி."

"ஐயோ, அது கான்ஃபிடென்ஷியல்மா. எனக்கே தெரியாது."

"அப்ப என்ரையும் அப்பிடித்தான்."

அவர் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். நெடுத்தவர் தன் ஆட்களோடு குசுகுசுத்தார். இன்னொரு நாடு என்னை அனுப்பியிருக்குமோ என்று அவர்களுக்குப் பயம் என்று பிறகுதான் அறிந்தேன். பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் முதுகில் குத்தினாள்.

"அக்கா, விளையாடாதையுங்கோ! கடிதம்!"

"புளி தம்பி," என்றேன். "பழப்புளி. உப்பும் கொஞ்சம் போட்டனான்."

எஞ்சினியர் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்க அம்மாவும் புளிதாம்மா," என்றார் மெதுவாக. அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

அதுவரை வாய் திறக்காத வாங்குகிற நாட்டுக் குழுத் தலைவர், கட்டை மீசைக்காரர், எழும்பிக் கேட்டதை எஞ்சினியர் எனக்கு மெல்லத் தமிழில் சொன்னார்: "சமையலறைப் புளிக்குத் தாங்காத பூச்சு எங்கள் மழைக்குத் தாங்குமா?" இது வெறும் பொம்மைதானே, கடையில் வாங்கிய சாதாரணச் சாயம்தானே என்றார் நெடுத்தவர். "அப்படியானால் நேற்று ஏன் எங்களைத் தொடவிடவில்லை?" என்றார் மீசைக்காரர். ஜெர்மனி இன்னொரு முறை கோப்பி கொண்டுவரச் சொன்னது.

மத்தியானம் மேற்பார்வைக்காரி கூப்பிட்டாள். அனுமதியில்லாத பொருள், ஆகவே கடிதம் இல்லை, நாளையிலிருந்து வேலையும் இல்லை. நான் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தேன். அழவில்லை. பத்து வருடப் பொறுமை ஒரு உருண்டைப் புளியில் கரைந்துபோனது.

வாசலைத் தாண்டுவதற்குள் எஞ்சினியர் ஒரு தாளோடு ஓடிவந்தார். நடந்தது வெளியே தெரியவே கூடாதாம். நான் கையெழுத்துப் போடவேண்டுமாம். தாளை வாசித்துக் காட்டினார்: செவ்வாய் பின்னேரம் அந்த மண்டபத்தை ஒருவரும் துப்புரவு செய்யவில்லை.

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"அப்ப மண்டபம் ஊத்தையாக் கிடந்ததோ? நான் வேலை செய்யேல்லை எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ?"

"அம்மா, ப்ளீஸ், இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"நான் துப்புரவாக்கினனான். வடிவாத் துப்புரவாக்கினனான். அதை எழுதுங்கோ. பிளேனைத்தானே மறைக்கோணும்? பிளேனை மறையுங்கோ. என்னை ஏன் மறைக்கிறியள்?"

அவர் உள்ளே போனார். மூன்று நாடுகளும் கதவை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசின. புதிய தாள் வந்தது: மண்டபம் முழுமையாகத் துப்புரவு செய்யப்பட்டது, அங்கே எந்த விமான மாதிரியும் இருக்கவில்லை. என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதிக் கொடுத்தேன். அந்த விமானம் வானத்தில் மறையுமோ மறையாதோ, தாளில் நன்றாகவே மறைந்தது.

பிறகு நடந்ததை ஜெர்மனியில் இருந்தவர்கள்தான் நம்புவார்கள். மேற்பார்வைக்காரி அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாள். விமானம் இருக்கவில்லை என்றால் அதை ஒருவரும் துலக்கவில்லை. துலக்கவில்லை என்றால் அனுமதியில்லாத பொருளும் இல்லை. தாளில் இல்லாத குற்றத்துக்கு ஆளை நிறுத்த அவளுக்குச் சட்டம் இல்லை. ஏப்ரனை என் பக்கம் தள்ளிவிட்டுக் கடிதத்தை எழுதத் தொடங்கினாள். 'முழுமையாக' என்ற சொல்லையும் தாளிலிருந்து பார்த்து எழுதினாள். ஜாம் போத்தலைக் கேட்டேன். அப்படி ஒரு போத்தல் இருக்கவில்லை என்றாள்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் அதிகாரி கடிதத்தை வாசித்தார். "முழுமையாகவா?" என்று புருவத்தைத் தூக்கினார். "ஓம்," என்றேன், தமிழில். அரை மணித்தியாலத்தில் விசாவை ஒட்டித் தந்தார்.

வெளியே காத்திருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அன்றைய பேப்பரை நீட்டினாள். எங்கள் மண்டபம்தான். நெடுத்தவரும் மீசைக்காரரும் கைகுலுக்குகிறார்கள். பேச்சுவார்த்தை நல்லபடி முன்னேறுகிறது என்று போட்டிருப்பதாக அவள் வாசித்துச் சொன்னாள். விமானம் நின்ற இடத்தில் ஒரு பித்தளைப் பூச்சாடி. கறுத்துப்போய் இருந்தது.

சாடிகள் என்னுடைய பொறுப்பு அல்ல. அவை மேல்மாடியைத் துப்புரவாக்குகிறவளின் வேலை.