பெரியப்பாவின் தோப்பில் நட்ட கொடி

சர்வேயர் எங்கள் கொல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். அப்பா பின்னாலேயே ஓடினார்.

"சார், இதுதான் சார் நம்ம கொல்ல. அந்தப் பக்கம் எங்க போறீங்க?"

காடாம்புலியூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். அதை அடமானம் வைத்து போர் போட அப்பா கடன் வாங்கியிருந்தார். போரில் காற்றுதான் வந்தது. தவணை நின்றுபோய், வங்கி நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஏலத்துக்கு முன் அளந்து கொடி நட வந்திருந்தார்கள். சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த என்னை, "ஆபீசருங்க இங்கிலீசுல பேசுனா நாங்க இன்னாத்த கண்டோம், நீ வா" என்று போனில் வரச் சொல்லியிருந்தார் அப்பா. எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் மட்டும்தான்.

முந்தின நாள் முழுக்க அப்பா அந்தக் கொல்லையில் களை எடுத்தார். "போற நெலத்துக்கு எதுக்கு களை?" என்று அம்மா கேட்டும் அவர் நிறுத்தவில்லை.

சர்வேயர் சங்கிலியைப் பெரியப்பாவின் முந்திரித் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போனார். சருகுக்கடியில் மூலைக் கல்லைக் கண்டுபிடித்தார். வங்கி ஆள் அதன் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கழியை நட்டார்.

கூட வந்திருந்த என் தாய்மாமா சிரித்துவிட்டார். "மச்சான், ஒன் கடனுக்கு ஒங்கண்ணன் தோப்ப தூக்குறாங்க பாரு!"

அப்பா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகுதான் சொன்னார். பாகம் பிரித்தபோது பெரியப்பா வீட்டை ஒட்டிய நிலம் அப்பாவுக்கும், தூரத்து நிலம் பெரியப்பாவுக்கும் விழுந்ததாம். முந்திரி வைத்தால் கொட்டை பொறுக்கும் காலத்தில் காவல் இருக்க வேண்டும்; வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தனக்கு வசதி என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். அண்ணனும் தம்பியும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு நிலத்தையும் மாற்றிக்கொண்டார்கள். பத்திரம் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பத்திரம்? பட்டா பழைய பேரிலேயே கிடந்தது, தீர்வையையும் பழைய பேரிலேயே கட்டினார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. என்னிடம் யாரும் சொன்னதே இல்லை.

பெரியப்பா வந்து கொடியைப் பார்த்தார். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீ படிச்சவன். சொல்லு, இது யாரு நெலம்?"

சர்வேயரிடம் வரைபடத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்தேன். "கணக்குப்படி அப்பா பேர்லதான் இருக்கு பெரியப்பா. நீங்க மாத்திக்கிட்டத எழுதல."

"பேங்குல எழுதனப்ப நீ கூட இருந்தியா?"

"இல்ல பெரியப்பா. நான் சிதம்பரத்துல இருந்தேன்."

"சிதம்பரத்துல இருந்தா இன்னா, இங்க இருந்தா இன்னா. அவனுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவன் நீ ஒருத்தன். எங்க ரெண்டு பேருக்கும் தெரியாம இது எப்படி நடக்கும்?"

அப்பா சொல்வார் என்று பார்த்தேன். அவர் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மாமா அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். "சும்மா இரு மச்சான். ஏலம் போவட்டும். நீ ஓட்டுற கொல்ல ஒங்கிட்டயே கெடக்கும். நீயா திருடுன? கவர்மெண்டு கணக்கு அப்படி இருக்குது."

மாமா போன பிறகு, "அப்பா, அதெல்லாம் பெரியப்பா தண்ணி தூக்கி ஊத்தி வளத்த மரம்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நீ இன்னாத்துக்கு சொல்ற?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். நானும் எழுந்தேன். "நீ இரு" என்றார்.

கடனைக் கட்டிவிட்டால் கொடியை எடுத்துவிடுவார்கள். நாங்கள் ஓட்டுகிற கொல்லையை விற்றுக் கட்டுவது என்று அப்பா திரும்பி வருவதற்குள் அண்ணனும் தம்பியும் முடிவு செய்திருந்தார்கள். பட்டாப்படி அந்தக் கொல்லை பெரியப்பாவுடையது, அவர் கைநாட்டு வைத்தால்தான் விற்க முடியும். கடன் தீர்ந்ததும் தோப்பை அவர் பேருக்கே எழுதித் தருவதாக அப்பா சொன்னாராம். வாய்வார்த்தைதான். பெரியப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பண்ருட்டி பத்திர ஆபீசுக்கு நானும் போனேன். கைநாட்டு வைப்பதற்கு முன்னால் பத்திரத்தைப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்தர் அதை என்னிடம் நீட்டினார். "தம்பி படிச்சவர்தானே? பெரியவருக்கு நீங்களே படிச்சுக் காட்டுங்க."

"வாணாம்" என்றார் பெரியப்பா. "நீங்களே படிங்க சார்."

எழுத்தர் வேகமாகப் படித்தார். எல்லை சொல்லும் இடத்தில் கிழக்கையும் மேற்கையும் நான் மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது. பெரியப்பா கைநாட்டு வைத்தார். மை படிந்த கட்டை விரலை அப்பா தன் துண்டாலேயே துடைத்துவிட்டார்.

வெளியே டீக்கடையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இனி அப்பா யார் கொல்லைக்கு வேலைக்குப் போவது என்று பேச்சு ஓடியது. தோப்பில் தனக்கும் ஒரு ஆள் வேண்டும் என்றார் பெரியப்பா. பெஞ்சில் எனக்கும் இடம் இருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. பெரியப்பா டீயை ஊதிக் குடித்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்து எழுந்தேன். "அப்பா, நான் இப்படியே சிதம்பரம் கெளம்பட்டுமா?"

"கெளம்பு. பரிட்ச இருக்கும்ல ஒனக்கு?"

பரீட்சை எதுவும் இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.